கார் ஏசி கம்ப்ரசரும் அதன் எண்ணெயும்: ஒரு வரலாறு

காரின் குளிர்சாதன அமைப்பில் குளிர்பதன வாயுவை அமுக்கிக் குழாய்களில் சுற்றிவரச் செய்யும் கருவி கம்ப்ரசர் ஆகும். தமிழ் நூல்கள் இதனை அமுக்கி என்றும் அழுத்தி என்றும் எழுதுகின்றன. பட்டறைகளில் கம்ப்ரசர் என்ற பெயரே வழங்குகிறது. பழுதான கம்ப்ரசரைக் கழற்றிப் புதியதை மாட்டுவது அனுபவமுள்ள மெக்கானிக்குக் கடினமான வேலை அல்ல. அதற்குள் எந்த எண்ணெயை, எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் சிக்கல் உள்ளது. இதில் பிழை நேர்ந்தால், பெருந்தொகை கொடுத்து வாங்கிய புதிய கருவியும் விரைவில் இறுகி நின்றுவிடும்.

1939 முதல் இன்று வரை கார் ஏசிகளில் கனிம எண்ணெய், முதல் தலைமுறைச் செயற்கை எண்ணெய், புதிய வாயுவுக்கேற்பத் திருத்தப்பட்ட செயற்கை எண்ணெய், மின்சார கம்ப்ரசருக்கான எஸ்டர் எண்ணெய் என நான்கு வகை எண்ணெய்கள் வழக்கில் வந்துள்ளன. முந்தைய எண்ணெய் மோசமானது என்பதால் இந்த மாற்றங்கள் வரவில்லை. ஓசோன் படலத்தில் கண்ட சிதைவு, புவி வெப்பமாதல், பெட்ரோல் எஞ்சினிலிருந்து மின்மோட்டாருக்கு மாறுதல் ஆகிய வெளிக்காரணங்களே ஒவ்வொரு முறையும் எண்ணெயை மாற்றவைத்தன. இக்கட்டுரை அந்த வரலாற்றையும், இன்று கம்ப்ரசர் மாற்றும்போது அது எவ்வாறு குறுக்கிடுகிறது என்பதையும் விளக்குகிறது.

எண்ணெய் வாயுவோடு பயணம் செய்வது ஏன்?

கார் எஞ்சினின் எண்ணெய் அடித்தொட்டியில் தேங்கி நிற்கும். பம்பு அதை மேலே ஏற்றி, உராயும் பாகங்களுக்குக் கொடுக்கும். இன்றைய கார் ஏசி கம்ப்ரசர்கள் பெரும்பாலானவற்றில் அத்தகைய தொட்டியும் இல்லை, பம்பும் இல்லை. எண்ணெய் குளிர்பதன வாயுவோடு கலந்து அமைப்பு முழுவதும் சுற்றி வருகிறது. திரும்பி வரும் வாயு கொண்டுவரும் எண்ணெய்த் துளிகளே பிஸ்டன்களையும் பேரிங்குகளையும் காக்கின்றன.

அந்தச் சுற்றுப்பாதை எளிமையானது. கம்ப்ரசர் அமுக்கிய சூடான வாயு, ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. டிரையர் எனப்படும் சிறு உருளையில் அதன் ஈரம் உறிஞ்சப்படுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே சென்று அழுத்தம் குறைந்த பிறகு, டேஷ்போர்டுக்குப் பின்னுள்ள கூலிங் காயிலில் திரவம் கொதித்து ஆவியாகிறது. அதற்குத் தேவையான வெப்பத்தை வண்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பின்னர் ஆவி மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

எண்ணெய்க்குச் சோதனை கூலிங் காயிலில்தான். அங்கே வாயு ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் ஆவியாகாது. வாயுவோடு நன்கு கலக்கும் எண்ணெயானால், அதன் ஒரு பங்கைத் தன்னுள் கரைத்துக்கொண்டு இளகலாக இருக்கும். வாயுவின் வேகம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். கலக்காத எண்ணெய் குளிரில் கெட்டியாகி அங்கேயே படிந்துவிடும். அமைப்பில் போதிய எண்ணெய் இருந்தும் கம்ப்ரசர் வறண்டு ஓடும். ஆகவே ஒரு வாயுவுக்குப் பொருந்திய எண்ணெய் இன்னொரு வாயுவுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. வாயு மாறினால் எண்ணெயும் மாற வேண்டும் என்ற விதி இங்கிருந்தே பிறக்கிறது.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கும் காருக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிய வேண்டும். பெட்டியின் கம்ப்ரசரும் மோட்டாரும் ஒரே இரும்புக் கூட்டில் வைத்துப் பற்றவைத்து மூடப்படுகின்றன. காரிலோ, எஞ்சின் பெல்ட்டோடு இணைய வேண்டிய தண்டு, ஒரு சீலின் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆடும் எஞ்சினுக்கும் அசையாத உடற்பகுதிக்கும் இடையே ரப்பர் குழாய்கள் தேவைப்படுகின்றன. இவ்விரு காரணங்களால் கசிவு என்பது கார் ஏசியோடு உடன்பிறந்த நோய். கசியும் வாயு காற்றில் கலக்கிறது. அதனோடு கொஞ்சம் எண்ணெயும் வெளியேறுகிறது.

பாதுகாப்பான வாயுவைத் தேடிய காலம்

1920களில் குளிர்பதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. இவற்றில் நச்சுத்தன்மையோ தீப்பற்றும் தன்மையோ இருந்தது. மூடிய காருக்குள் இவற்றைக் கொண்டுசெல்வது எண்ணிப் பார்க்க முடியாத ஒன்று.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பிரிஜிடேர் பிரிவுக்காக 1928இல் தாமஸ் மிட்ஜ்லி, ஆல்பர்ட் ஹென், ராபர்ட் மெக்னாரி ஆகியோர் டைகுளோரோடைபுளோரோமீத்தேன் என்ற சேர்மத்தைக் குளிர்பதன வாயுவாகத் தேர்ந்தெடுத்தனர். 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் மிட்ஜ்லி இந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சு இல்லை, தீப்பற்றாது என்ற இரண்டையும் ஒரே செயலில் அவையோருக்குக் காட்டிவிட்டார். அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் டுபான்ட்டும் சேர்ந்து கினெடிக் கெமிக்கல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. ஃபிரியான் என்ற வணிகப் பெயரில் வந்த இந்த வாயுவே பின்னாளில் ஆர்-12 எனப்பட்டது.

ஆர்-12 சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மைனஸ் 30 பாகை செல்சியஸில் கொதிக்கும். பெட்ரோலியத்திலிருந்து வடித்த கனிம எண்ணெயோடு நன்கு கலக்கும். அதன் மூலக்கூறில் உள்ள குளோரின், உலோகப் பரப்பின் மேல் மெல்லிய குளோரைடு படலத்தை உண்டாக்கித் தேய்மானத்தைக் குறைத்தது. வாயுவே எண்ணெய்க்குத் துணைசெய்ததால் சாதாரண கனிம எண்ணெயே போதுமானதாயிற்று. பின்னர் உலகைக் கலங்கவைத்ததும் இதே குளோரின்தான்.

பேக்கார்டிலிருந்து நாஷ் வரை

தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்ற முதல் கார்களை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939இன் இறுதியில் அறிமுகம் செய்தது; அவை 1940ஆம் ஆண்டு மாடல்கள். ஏசிக்கு மட்டும் 274 டாலர் கூடுதல் விலை. கூலிங் காயில் பின்புற டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசரில் கிளட்ச் இல்லாததால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் அதுவும் ஓடியது. ஏசி வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. 1941க்குப் பிறகு இந்த வசதி கைவிடப்பட்டது.

போருக்குப் பின், 1953இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மீண்டும் கார் ஏசியைக் கொண்டுவந்தன. 1954இல் நாஷ் நிறுவனம் அமைப்பின் எல்லாப் பாகங்களையும் வண்டியின் முன்பகுதியிலேயே அடக்கி, மின்காந்தக் கிளட்சோடு 345 டாலருக்கு விற்றது. இன்றைய கார் ஏசியின் பொது வடிவம் அதில் காணப்பட்டது. 1960களின் முடிவில் அமெரிக்காவில் செய்யப்பட்ட புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏசியோடு வெளிவந்தன.

கம்ப்ரசரின் வடிவ மாற்றம்

தொடக்ககாலக் கம்ப்ரசர்கள் சிறிய எஞ்சினைப் போன்றவை. இரண்டு சிலிண்டர்களைக் கொண்ட யார்க் போன்ற கம்ப்ரசர்களில் அடித்தொட்டி இருந்தது. ஒரு திருகைக் கழற்றி, அளவுக் குச்சியை விட்டு எண்ணெய் மட்டத்தைப் பார்க்க முடிந்தது. எண்ணெய் எவ்வளவு என்ற கேள்விக்குக் குச்சியே பதில் சொன்னது.

1960களில் பரவிய ஜெனரல் மோட்டார்ஸின் ஏ6 கம்ப்ரசரில், தண்டின் மேல் சாய்வாகப் பொருத்திய தட்டு சுழன்று பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளியது. வடிவம் உருளையாகி, அதிர்வு குறைந்தது. ஜப்பானின் சாங்கியோ நிறுவனம் 1970களில் ஐந்து சிலிண்டர் கொண்ட சிறிய கம்ப்ரசர்களை உலகெங்கும் விற்றது. 1982இல் அது சாண்டென் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1985இல் ஜெனரல் மோட்டார்ஸின் வி5 கம்ப்ரசர், தட்டின் சாய்வைத் தானே கூட்டியும் குறைத்தும் தேவைக்கேற்ற வாயுவை மட்டும் அமுக்கியது.

அளவும் எடையும் குறையக் குறைய அடித்தொட்டி மறைந்தது. எண்ணெய்ப் பம்பும் மறைந்தது. அளவுக் குச்சிக்கும் இடமில்லாமல் போயிற்று. எண்ணெய் முழுவதும் வாயுவை நம்பி வாழத் தொடங்கியது. உள்ளே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைத் திறந்து வடிக்காமல் அறியும் வழியும் அத்தோடு முடிந்தது. பின்னர் வாயு மாறியபோது எண்ணெய்ப் பிரச்சினை பெரிதாக வெடித்ததற்கு இந்த வடிவ மாற்றமும் காரணம்.

ஓசோன் படலமும் மாண்ட்ரியல் உடன்பாடும்

1974இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குளோரோபுளோரோகார்பன்கள் கீழ் வளிமண்டலத்தில் சிதையாமல் மேலேறுகின்றன. அங்கே புற ஊதாக் கதிரால் உடைந்து குளோரின் அணுக்களை விடுவிக்கின்றன. ஒவ்வொரு குளோரின் அணுவும் தொடர்வினையில் ஏராளமான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கிறது என்பது அவர்கள் முடிவு. எதனோடும் வினைபுரியாத வாயு என்று ஆர்-12ஐப் புகழவைத்த நிலைத்தன்மையே அதை ஆபத்தாக்கியது. இருவரும் பால் க்ரூட்சனுடன் 1995இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1985இல் பிரிட்டனின் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் ஆகியோர் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தாகி, 1989 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்தான செப்டம்பர் 16 இன்று உலக ஓசோன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வளர்ந்த நாடுகள் 1995 முடிவுக்குள் இந்த வாயுக்களின் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. வளரும் நாடுகளுக்கு 2010 வரை அவகாசம் கிடைத்தது.

கசிவு உடன்பிறந்த நோயாக இருந்ததால் கார் ஏசி இந்த மாற்றத்தின் முன்வரிசையில் நின்றது. கேஸ் குறைந்தால் கசிவைத் தேடாமல் மேலும் ஏற்றுவதும், பழுது பார்க்கும்போது எஞ்சிய வாயுவைத் திறந்துவிடுவதும் அதுவரை இயல்பான பட்டறைப் பழக்கங்கள். அமெரிக்காவில் 1992 முதல் வாயுவை மீட்டெடுக்கும் கருவியும் பயிற்சிச் சான்றிதழும் கட்டாயமாயின.

புதிய வாயு கேட்ட புதிய எண்ணெய்

கார்களுக்கு மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஆர்-134ஏ. இதில் குளோரின் இல்லை. ஆகவே ஓசோனுக்குக் கேடில்லை. கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 26 பாகை என்பதால், கார் ஏசியின் அடிப்படை அமைப்பை மாற்றாமலே பயன்படுத்த முடிந்தது. ஆனால் கனிம எண்ணெய் இதில் கலக்கவில்லை. குளோரின் தந்துவந்த தேய்மானப் பாதுகாப்பும் இல்லாமல் போயிற்று. பழைய எண்ணெயோடு புதிய வாயுவை ஏற்றினால் எண்ணெய் கூலிங் காயிலில் தங்கிவிடும். கம்ப்ரசர் தேய்ந்து நிற்கும்.

இதற்கு விடையாக வந்தது பாலிஆல்கைலீன் கிளைக்கால், சுருக்கமாக பி.ஏ.ஜி. எண்ணெய். டப்பாவின் மேல் காணும் 46, 100, 150 ஆகிய எண்கள் 40 பாகை செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கின்றன. எண் கூடினால் எண்ணெய் கெட்டி. கம்ப்ரசரின் உள்ளமைப்புக்கும் இடைவெளிகளுக்கும் ஏற்ப அதன் தயாரிப்பாளர் இந்த எண்ணைத் தீர்மானிக்கிறார். ஒரே கார் மாடலில் இரு வேறு கம்ப்ரசர்கள் வந்திருந்தால், இரண்டுக்கும் எண்ணெய் வேறாக இருக்கலாம்.

பி.ஏ.ஜி. எண்ணெயின் குறை, அது காற்றிலுள்ள ஈரத்தைக் கனிம எண்ணெயைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும் என்பது. திறந்து வைத்த டப்பாவை அடுத்த மாதம் எடுத்துப் பயன்படுத்தும் பழைய வழக்கம் இதற்குச் செல்லாது. ஈரம் உள்ளே போனால் அமிலமும் துருவும் உண்டாகி உலோகப் பாகங்களை அரிக்கின்றன.

எண்ணெயோடு மற்றவையும் மாறின. புதிய வாயுவின் சிறிய மூலக்கூறுகள் பழைய ரப்பர் குழாய்களில் எளிதில் ஊடுருவியதால் உள்ளே நைலான் அடுக்கு கொண்ட குழாய்கள் வந்தன. ஓ-ரிங்குகளின் ரப்பரும், டிரையரில் ஈரம் உறிஞ்சும் மணிகளும் மாற்றப்பட்டன. தவறுதலாக ஒரு வாயுவுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றாதிருக்க, கேஸ் ஏற்றும் வாய்களின் வடிவமும் அளவும் வேறாக்கப்பட்டன. எண்ணெய் ஊற்றுவதற்கு மட்டும் இப்படியொரு பூட்டு கிடையாது. தவறான எண்ணெயைத் தடுக்க மெக்கானிக்கின் அறிவைத் தவிர வேறு காவல் இல்லை.

மாற்றக் காலத்தின் சிக்கல்கள்

புதிய கார்கள் 1990களின் முற்பகுதியில் ஆர்-134ஏக்கு மாறின. சாலையில் ஓடிய கோடிக்கணக்கான பழைய கார்கள் ஆர்-12ஐயே நம்பியிருந்தன. அமெரிக்காவில் வரியும் உற்பத்தித் தடையும் சேர்ந்து ஆர்-12இன் விலையை ஏற்றின; கள்ளக்கடத்தல் தொழிலாயிற்று. மயாமி துறைமுகம் இதற்குப் பெயர்பெற்றது.

விலை தாளாத உரிமையாளர்கள் பழைய வண்டியைப் புதிய வாயுவுக்கு மாற்றக் கேட்டார்கள். பழைய அமைப்பிலிருந்து கனிம எண்ணெயை முழுவதும் வடிப்பது கடினம். குளோரின் சேர்மங்களின் எச்சமும் உலோகப் பரப்புகளில் ஒட்டியிருக்கும். அந்த எச்சம் பி.ஏ.ஜி. எண்ணெயைக் கெடுக்கக்கூடும். ஆகவே இத்தகைய மாற்றங்களுக்கு எஸ்டர் எண்ணெய் எனப்படும் பி.ஓ.இ. பலராலும் பரிந்துரைக்கப்பட்டது. அது பழைய எண்ணெயின் எச்சத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டது. ஆனால் எஸ்டர் எண்ணெய் ஈரத்தோடு வினைபுரிந்து அமிலமாகச் சிதையும் இயல்புடையது. ஒன்றின் குறையைத் தவிர்த்தால் மற்றொன்றின் குறையை ஏற்க வேண்டியிருந்தது.

எண்ணெய்ப் பற்றாக்குறையால் தேய்ந்த கம்ப்ரசர்களிலிருந்து உலோகப் பொடியும், பிஸ்டன் வளையங்களின் டெஃப்லான் துகளும், கருகிய எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் குழம்பாக அமைப்பு முழுவதும் பரவின. அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்குக் கறுப்பு மரணம் என்று பெயரிட்டார்கள். கம்ப்ரசரை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே விட்ட வண்டிகளில், கண்டென்சரில் தங்கியிருந்த குழம்பு சுற்றிவந்து புதிய கம்ப்ரசரையும் கெடுத்தது. டிரையரை மாற்றாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று கம்ப்ரசர் விற்பவர்கள் இன்று நிபந்தனை விதிப்பதன் பின்னே இத்தகைய அனுபவங்கள் உள்ளன.

இந்தியாவும் மேட்டூரும்

இந்தியாவில் கார் ஏசி பரவலானது மாருதி கார்களின் வருகைக்குப் பிறகே. 1985இல் தொடங்கப்பட்ட சுப்ரோஸ் நிறுவனம், ஜப்பானின் டென்சோ, சுசுகி நிறுவனங்களின் பங்களிப்போடு ஏசி அமைப்புகளைச் செய்தது. ஆர்-12 உள்ளிட்ட வாயுக்களும் நாட்டிலேயே உற்பத்தியாயின. உற்பத்தியாளர்களில் ஒன்று தமிழ்நாட்டின் மேட்டூரில் இயங்கிய கெம்பிளாஸ்ட் சன்மார்.

இந்தியா 1992இல் மாண்ட்ரியல் உடன்பாட்டில் சேர்ந்தது. உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதற்காக 1999இல் பன்னாட்டு நிதியம் இந்தியாவுக்கு 8.2 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. ஓசோனைச் சிதைக்கும் பொருள்களுக்கான 2000ஆம் ஆண்டு விதிகள், 2003 ஜனவரி 1க்குப் பின் புதிய குளிர்சாதனக் கருவிகளில் இந்த வாயுக்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. சாலையோரத்தில் ஏசி வேலை செய்த சிறு பட்டறைகள் புதிய வாயுவையும், அதற்கான அளவுமானிகளையும், அறிமுகமில்லாத எண்ணெயையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

புவி வெப்பமாதலும் மூன்றாம் வாயுவும்

ஆர்-134ஏ ஓசோனைக் காத்தது. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் அதன் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு. ஆர்-12இன் 10,900 மடங்கோடு ஒப்பிட இது குறைவு. ஆனாலும் ஏற்கத்தக்கதாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் பிறப்பித்த ஆணை, இந்தத் திறன் 150க்கு மேற்பட்ட வாயுக்களைப் படிப்படியாக விலக்கியது. 2017 முதல் அங்கு விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது பொருந்தியது.

ஹனிவெல்லும் டுபான்ட்டும் சேர்ந்து உருவாக்கிய ஆர்-1234ஒய்எஃப் அந்த இடத்தைப் பிடித்தது. அதன் வெப்பமாக்கும் திறன் அப்போதைய கணக்கில் 4. காற்றில் விரைவில் சிதையும்படி அதன் மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ளது. விரைவில் சிதைவது சூழலுக்கு நன்மை. அமைப்புக்குள் எண்ணெயோடும் ஈரத்தோடும் வினைபுரியவும் அதுவே இடம்தரும். எனவே மூலக்கூறின் இரு முனைகளும் வேதிமுறையில் மூடப்பட்டு, உரிய சேர்க்கைகள் கலந்த புதிய பி.ஏ.ஜி. எண்ணெய்கள் தேவைப்பட்டன. பழைய பி.ஏ.ஜி. 46உம் புதிய பி.ஏ.ஜி. 46உம் எண்ணால் ஒன்றாயினும் எண்ணெயால் வேறு.

இந்த வாயு இலேசாகத் தீப்பற்றக்கூடியது. மோதலின்போது கசிந்து சூடான எஞ்சின் பாகங்களில் பட்டால் தீப்பிடிக்கலாம் என்று 2012இல் டைம்லர் நிறுவனம் தன் சோதனையை முன்வைத்து எச்சரித்தது. நீண்ட விவாதத்துக்குப் பின்னரும் ஐரோப்பா இந்த வாயுவைத் தடைசெய்யவில்லை. கார்பன் டை ஆக்சைடையே குளிர்பதன வாயுவாகக் கொள்ளும் முறையும் சில கார்களில் வந்தது. அதன் அழுத்தம் 100 பாரைத் தாண்டுவதால் கம்ப்ரசரும் குழாய்களும் தனி வகையாக அமைய வேண்டும்.

2016இல் ருவாண்டாவின் கிகாலியில் நிறைவேறிய திருத்தம் ஆர்-134ஏ போன்ற வாயுக்களையும் மாண்ட்ரியல் உடன்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தது. இந்தியா 2021இல் இதனை ஏற்றது. 2032இல் தொடங்கி 2047க்குள் 85 விழுக்காடு குறைப்பது இந்தியாவுக்கான கால அட்டவணை. ஆகவே இன்று ஆர்-134ஏயில் பழகும் மாணவர் தம் பணிக்காலத்திலேயே இன்னொரு மாற்றத்தைச் சந்திப்பார்.

மின்சார கம்ப்ரசர்

2003இல் வந்த டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறையில், கம்ப்ரசர் பெல்ட்டை விட்டு மின்மோட்டாரால் இயங்கியது. போக்குவரத்து விளக்கில் எஞ்சின் நின்றாலும் ஏசி ஓட வேண்டும் என்பதே காரணம். மோட்டார் கம்ப்ரசரின் கூட்டுக்குள்ளேயே இருப்பதால் வாயுவும் எண்ணெயும் அதன் கம்பிச் சுருள்களைத் தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. அந்தச் சுருள்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உள்ளது.

பி.ஏ.ஜி. எண்ணெயின் மின்காப்புத் திறன் குறைவு. ஆகையால் இங்கு வாயு ஆர்-134ஏயாகவே இருந்தபோதும் எண்ணெய் பி.ஓ.இ. ஆயிற்று. வாயு மாறாமல் எண்ணெய் மட்டும் மாறியது கார் ஏசி வரலாற்றில் புதுமை. இதில் சிறிதளவு பி.ஏ.ஜி. கலந்தாலும் மின்காப்பு குறைந்து, காரின் பாதுகாப்புச் சுற்று மின்கசிவு என உணர்ந்து அமைப்பை நிறுத்திவிடலாம்; வேலை செய்பவருக்கு மின்தாக்கும் நேரலாம். முந்தைய வண்டிக்குப் பயன்படுத்திய கேஸ் இயந்திரத்தின் குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணெயே இதற்குப் போதுமானது. அதனால் கலப்பின, மின்சாரக் கார்களுக்குத் தனிக் குழாய்களோ, நன்கு கழுவிய இயந்திரமோ வேண்டும். உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்த பிறகே கருவியைத் தொட வேண்டும். அது அதற்கான பயிற்சி பெற்றவரின் வேலை.

இன்று கம்ப்ரசர் மாற்றும் முறை

மேற்கண்ட வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் இன்றைய வேலைமுறையில் ஒரு படியாக நிற்கிறது.

முதலில் வாயுவை இயந்திரத்தால் மீட்டெடுக்க வேண்டும், காற்றில் விடலாகாது. பானெட்டின் அடியிலுள்ள சீட்டு வாயுவின் வகையையும் எடையையும் தெரிவிக்கும்; பல வண்டிகளில் எண்ணெயின் வகையும் அதில் இருக்கும். இல்லையேல் கம்ப்ரசரின் மேலுள்ள சீட்டையும் தயாரிப்பாளரின் கையேட்டையும் பார்க்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என விற்கப்படும் எண்ணெயைவிட அந்தச் சீட்டு நம்பகமானது.

அடுத்து, பழைய கம்ப்ரசரின் எண்ணெயை வடித்து அளக்க வேண்டும். அதன் நிறமும் ஒரு சாட்சி. தெளிவாக இருந்தால் நன்று. கறுப்பாகவோ உலோகப் பொடியோடோ இருந்தால் அமைப்பு முழுவதும் மாசுபட்டுள்ளது. அப்போது குழாய்களைக் கழுவி, எக்ஸ்பான்ஷன் வால்வையும் டிரையரையும் மாற்ற வேண்டும். இக்காலக் கண்டென்சர்களின் நுண்குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்வது ஏறக்குறைய இயலாது. அதையும் மாற்றுவதே முறை.

அளவு பற்றிய கணக்கு எளிது. புதிய கம்ப்ரசரில் பெரும்பாலும் அமைப்பு முழுமைக்குமான எண்ணெய் நிரப்பி அனுப்பப்படும். பழைய அமைப்பின் மற்றப் பாகங்களில் ஏற்கெனவே ஒரு பங்கு தங்கியிருக்கும். எடுத்துக்காட்டாக, புதியதில் 130 மில்லிலிட்டர் இருந்து, பழையதிலிருந்து 70 மில்லிலிட்டர் வடிந்தால், புதியதிலும் ஏறத்தாழ 70ஐ மட்டும் விட வேண்டும். புதிய டிரையருக்காகக் கையேடு சொல்லும் சிறு அளவைச் சேர்க்க வேண்டும். அமைப்பு முழுவதும் கழுவப்பட்டிருந்தால் முழு அளவும் தேவை. கசிவால் எண்ணெய் இழந்த வண்டியில் வடிந்த அளவு ஏமாற்றும். அங்கே கையேட்டின் கணக்கே வழி.

எண்ணெய் குறைந்தால் கம்ப்ரசர் இறுகும். மிகுந்தால் குழாய்களின் உட்புறத்தில் படிந்து வெப்பம் கடத்துவதைத் தடுத்துக் குளிர்ச்சியைக் குறைக்கும். திரவமாகச் சிலிண்டரில் புகுந்து வால்வுகளை உடைக்கவும் கூடும். அதிகம் ஊற்றினால் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்குச் செல்லாது.

புதிய ஓ-ரிங்குகளை எண்ணெய் தடவிப் பொருத்தி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்கம் இழுக்க வேண்டும். அழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் ஈரம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகி வெளியேறும். வேக்கம் தாங்கி நிற்கிறதா என்று பார்த்தபின், சீட்டில் உள்ள எடைக்குச் சரியாக வாயு ஏற்ற வேண்டும். பெல்ட்டால் இயங்கும் கம்ப்ரசரை ஓட்டுவதற்கு முன் தண்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றினால், சிலிண்டரில் தேங்கிய எண்ணெய் வெளியேறிவிடும்.

போலி வாயுவின் ஆபத்து

வாயுவும் எண்ணெயும் உலோகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதை 2011இல் நடந்த விபத்துகள் உணர்த்தின. கப்பல்களில் செல்லும் குளிர்சாதனக் கொள்கலன்கள் சிலவற்றில் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி வாயு ஏற்றப்பட்டிருந்தது. அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கியது. கொள்கலன்கள் வெடித்ததில் தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். மிட்ஜ்லியின் காலத்தில் ஆபத்தானது என்று விலக்கப்பட்ட அதே மெத்தில் குளோரைடு, எண்பது ஆண்டுகளுக்குப் பின் மலிவு விலைச் சிலிண்டரில் திரும்பி வந்தது.

கார் ஏசிகளின் கம்ப்ரசர்களும் அலுமினியத்தால் ஆனவையே. சிலிண்டரில் உள்ளது என்ன என்பதை வாயு கண்டறியும் கருவியால் சோதிப்பதும், நம்பகமான இடத்தில் வாங்குவதும் குளிர்ச்சிக்காக மட்டும் செய்யப்படுபவை அல்ல. வேலை செய்பவரின் உயிரும் அதில் அடங்கியுள்ளது. எண்ணெயையும் இவ்வாறே அதன் டப்பாவில் உள்ள வகை, பாகுத்தன்மை எண், பொருந்தும் வாயு ஆகிய மூன்றையும் படித்து, வண்டியின் சீட்டோடு ஒப்பிட்ட பிறகே திறக்க வேண்டும்.